இடனறிந்து செய்யும் தொண்டு

(ஊரக வளர்ச்சிப் பணியாளர் பயிற்சி முகாமின் நிறைவு நாளன்று நிகழ்த்திய உரை)

இம்மன்றத்தில் கூடியிருப்போர் ஒரே வகைப் பணியில் ஈடுபட்டவர்கள் அல்லர். ஊராட்சிப் பொறுப்பை ஏற்றோர் இருக்கின்றனர். பால் கூட்டுறவுச் சங்கங்களை நடத்துவோர் இருக்கின்றனர். சத்துணவுக் கூடத்தின் அமைப்பாளர்களும், மகளிர் குழுக்களின் ஊக்குநர்களும், ஊரகச் சுகாதாரப் பணி புரிவோரும் வந்துள்ளனர். பணிகள் பலவாயினும் நம் அனைவரையும் பிணைப்பது ஒன்று உண்டு. சிலரைக் கொண்டு வேலை வாங்க வேண்டியவர்கள் நாம். பலருக்கு ஊழியம் செய்ய வேண்டியவர்களும் நாமே. இவ்விரண்டையும் ஒரே தோளில் எவ்வாறு சுமப்பது என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

தலைவனாக விரும்புவோன் முதலில் தொண்டனாக வேண்டும் என்பது மேடைதோறும் கேட்கும் சொல். அதனை யாரும் மறுப்பதில்லை. மறுப்பார் இல்லாமையால் ஆராய்வாரும் இல்லை. தொண்டு செய்க என்றால் ஊராட்சி அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர் எதைச் செய்வது? பால் அளக்கும் இடத்தில் நிற்பவர் எதைச் செய்வது? அடுப்படியில் நிற்பவர் எதைச் செய்வது? மூவரும் ஒரே செயலைச் செய்தால் போதுமா? போதாது என்பதே நாம் கூற வந்த கருத்து. தொண்டுள்ளம் எங்கும் ஒன்றே. அஃது எடுக்க வேண்டிய வடிவம் இடத்துக்கு இடம் வேறு. வடிவம் தவறினால் நல்லெண்ணத்தோடு செய்யும் தொண்டும் பிறர்க்குத் தீங்காய் முடியும்.

பெயரில் நின்ற கருத்து

1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்தநாளன்று, நம் நாட்டில் 55 சமுதாய வளர்ச்சித் திட்டங்கள் தொடங்கப்பெற்றன. அத்திட்டத்தில் ஊர்தோறும் சென்று பணிபுரிய வந்தவருக்குக் 'கிராம சேவக்' என்று பெயரிட்டனர்; பெண் பணியாளருக்குக் 'கிராம சேவிகா' என்று பெயரிட்டனர். புதிய விதையையும் உரத்தையும் அறிமுகம் செய்தல், சுகாதாரம் கற்பித்தல், முதியோர் கல்விக்கு வழி செய்தல் ஆகிய அனைத்தும் வழிகாட்டும் வேலைகளே. ஆயினும் அவ்வழிகாட்டிக்கு அதிகாரி என்ற பெயர் வழங்காமல் ஊழியன் என்ற பெயர் வழங்கப்பெற்றது. வரி கேட்கவும் தண்டனை விதிக்கவுமே அரசாங்கத்தார் வருவர் என்று அஞ்சிப் பழகிய ஊர்களில், உதவுவதற்காக ஒருவர் வருகிறார் என்பதைப் பெயரே சொல்ல வேண்டியிருந்தது.

பின்னாளில் அமெரிக்க நாட்டிலும் இக்கருத்து வேறொரு வழியில் எழுந்தது. ராபர்ட் கிரீன்லீஃப் என்பவர் ஏ.டி. அண்டு டி. என்னும் பெருந்தொலைபேசி நிறுவனத்தில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் பணியாற்றி 1964இல் ஓய்வு பெற்றவர். ஹெர்மன் ஹெஸ்ஸே எழுதிய புதினம் ஒன்றில் பயணக் குழு ஒன்றுக்கு ஏவல் செய்யும் லியோ என்னும் பணியாள் திடீரென மறைந்துவிடுகிறான். அவன் மறைந்ததும் குழுவே சிதறிப்போகிறது. அக்குழுவைச் சார்ந்த சபையின் உண்மைத் தலைவனே அவன்தான் என்பது பின்னர்த் தெரிய வருகிறது. இக்கதையால் தூண்டப்பெற்ற கிரீன்லீஃப், தொண்டனே தலைவன் என்னும் பொருள்பட 1970இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் அவர் கூறிய உரைகல் ஒன்று நமக்குப் பெரிதும் பயன்படும். நாம் யாருக்குத் தொண்டு செய்கிறோமோ அவர்கள் வளர்கிறார்களா? முன்னினும் அறிவும் உரிமையும் தற்சார்பும் உடையவர்களாக ஆகிறார்களா? தாமும் பிறர்க்குத் தொண்டு செய்ய முன்வருகிறார்களா? சமுதாயத்தில் மிகவும் பின்தங்கியோர்க்கு நம் செயலால் நன்மையா, தீமையா? இக்கேள்விகளால் உரைத்துப் பார்த்தல் வேண்டும் என்றார்.

உரைகல் ஒன்றுதான், உரைக்கப்படும் பொன் இடந்தோறும் வேறாகும். திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதலுக்கும் காலமறிதலுக்கும் அடுத்தபடியாக இடனறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்தார். அரசனுக்குச் சொன்னது அது. பணியிடத்துக்குத் தலைமை ஏற்போர்க்கும் பொருந்தும். இனி ஒவ்வோர் இடமாகச் சென்று பார்ப்போம்.

பால் அளக்கும் இடத்தில்

பால் சங்கத்தின் வாயிலில் விடியற்காலையில் உறுப்பினர்கள் வரிசையாக நிற்கின்றனர். பாலின் அளவையும், கொழுப்புச் சத்தையும், இதரச் சத்தையும் பார்த்து விலை கணக்கிடப்படுகிறது. ஒற்றை எருமையை நம்பி வாழும் கைம்பெண் ஒருத்தி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் பாலில் கொழுப்பு குறைவு. செயலாளர் இரக்கமுள்ளவர். சற்றுக் கூட்டி எழுதினால் என்ன என்று அவர் மனம் கூறுகிறது. எழுதிவிட்டால் யாது நேரும்? எல்லோர் பாலும் ஒன்றாகச் சேர்ந்து குளிரூட்டும் நிலையத்துக்குப் போகிறது. அங்கே மீண்டும் சோதனை நடக்கிறது. இங்கே எழுதிய கணக்கு அங்கே நிற்பதில்லை. குறைவு சங்கத்தின் தலையில் விழுகிறது. அவ்வரிசையில் நின்ற மற்ற ஏழைகளின் பங்கிலிருந்தே அந்த இரக்கத்துக்கு விலை கொடுக்கப்படுகிறது. இன்று இரக்கத்தால் கூட்டி எழுதிய கை நாளை உறவினருக்காகவும் கூட்டி எழுதும் என்ற ஐயம் ஊரில் பரவிவிட்டால், சங்கத்தின் மீதுள்ள நம்பிக்கையும் போய்விடும்.

ஆகவே இவ்விடத்தில் தொண்டாவது, பிழையின்றி அளத்தலும், அளவை உறுப்பினர் கண்முன் காட்டிப் படித்துச் சொல்லுதலும் ஆகும். இரக்கத்துக்கு இடமே இல்லையா எனின், உண்டு. சோதனை முடிந்த பிறகு அதன் வேளை வருகிறது. கொழுப்பு ஏன் குறைந்தது? வைக்கோலும் தட்டையும் போதாமையாலா? மாட்டுக்கு மடிவீக்க நோயா? கால்நடை மருத்துவரை அழைத்து வருதல், தீவனத்துக்கு வழி சொல்லுதல் ஆகியவற்றைச் செய்தால் அவள் பாலே தரமுயரும். கூட்டி எழுதிய எண் அவளை என்றும் இரக்கத்துக்குக் காத்திருப்பவளாகவே வைத்திருக்கும்.

குஜராத்தில் கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் 1946இல் தோன்றியது. அதன் தலைவர் திரிபுவன்தாஸ் பட்டேல் ஊர் ஊராகச் சென்று உழவர்களின் நம்பிக்கையைப் பெற்றவர். 1949இல் ஆனந்துக்கு வந்த வர்கீஸ் குரியன், நம் சென்னையில் லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்றவர். அவர் தம்மை உழவர்களின் ஊழியர் என்றே கூறிக்கொண்டார். ஆனால் மென்மையாகப் பேசுவதைத் தம் ஊழியமாக அவர் கொள்ளவில்லை. இயந்திரத்தைப் பழுதின்றி இயக்குதல், கணக்கைக் கறாராகக் காத்தல், உழவர் நலனுக்கு மாறாக யார் நின்றாலும் எதிர்த்து வாதாடுதல் ஆகியவையே அவர் ஊழியம். ஒருவர் அன்பால் சேர்த்தார். மற்றவர் கண்டிப்பால் காத்தார். 1963இல் மகசேசே விருது பெற்றோருள் இருவருமே இருந்தனர். ஒரே நிறுவனத்துக்குள்ளும் தொண்டின் வடிவம் பொறுப்புக்கேற்ப வேறுபடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

அடுப்படியில்

அடுத்துச் சத்துணவுக் கூடத்துக்குச் செல்வோம். காமராசர் ஆட்சியில் 1956இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கிற்று. 1982 ஜூலை 1ஆம் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. சத்துணவுக் கூடத்தில் பணிபுரிவோர் பெரும்பாலும் இருவரோ மூவரோதான். அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று பதவிகள் உண்டு. ஆனால் மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டேந்தி நிற்பார்கள். பதவி பார்க்கும் நேரம் அதுவன்று.

பால் சங்கச் செயலாளருக்கு விலகி நின்று அளத்தல் கடமை. சத்துணவு அமைப்பாளருக்கோ அருகில் சென்று கைகொடுத்தல் கடமை. சாதம் வடிக்கும் பெரிய பாத்திரத்தை இருவர் பிடித்து இறக்க வேண்டிய வேளையில் அமைப்பாளர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருத்தல் தகாது. பருப்போ எண்ணெயோ உரிய நாளில் வந்து சேராவிட்டால், வட்டார அலுவலகத்துக்கு நடந்து கேட்க வேண்டியவர் அமைப்பாளர். ஏச்சைக் கேட்க வேண்டியவரும் அவரே. அதனைச் சமையலர் தலையில் சுமத்துதல் தலைமையாகாது.

பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன்னர்ப் பெரியவர் ஒருவர் உண்டு பார்த்தல் வேண்டும் என்பது விதி. இவ்விதி வெறும் சுவை பார்த்தலுக்காக ஏற்பட்டதன்று. 2018ஆம் ஆண்டில் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில், ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண்மணி சமைக்கக் கூடாதென்று சிலர் தடுத்தனர். அவர் இடமாற்றம் செய்யப்பெற்றார். எதிர்ப்பு எழுந்த பின்னர் அவ்விடத்திலேயே மீண்டும் பணியமர்த்தப்பெற்றார். இத்தகைய ஊரில் ஆசிரியரும் அமைப்பாளரும் பிள்ளைகளோடு அமர்ந்து முதற்கவளத்தை உண்பார்களானால், அந்த ஒரு கவளம் பல சொற்பொழிவுகளுக்கு ஈடாகும்.

அறுவைக் கூடத்தில்

மருத்துவமனை வேறோர் உலகம். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாத நோயால் விரல்கள் கோணிப்போயும், அவ்விரல்களாலேயே கண்ணறுவை செய்யப் பழகியவர் அவர். பணம் கொடுக்க இயன்றோர் கொடுக்கும் தொகையைக் கொண்டு இயலாதோர்க்கும் சிகிச்சை அளித்தல் அங்குள்ள முறை. ஊர்ப்புறப் பெண்களைத் தேர்ந்து பயிற்சி அளித்து, அறுவைக்கு முன்னும் பின்னும் வேண்டிய பணிகளை அவர்களிடம் ஒப்படைத்தனர். ஒருவருக்கு அறுவை முடியும்போதே அடுத்த மேசையில் மற்றொருவர் ஆயத்தமாக இருப்பார். மருத்துவர் காத்திருக்கும் நேரம் குறைந்தது. பார்வை பெறுவோர் தொகை பெருகிற்று.

இங்கே தலைவர் செய்த தொண்டு யாது? ஒவ்வொருவரின் வேலையையும் வரையறுத்து, அவ்வேலையில் அவரைத் தேர்ந்தவராக்கி, ஒழுங்கு குலையாமல் காத்ததே தொண்டு. எல்லோரையும் கலந்து பேசி முடிவு செய்வோம் என்னும் முறை ஊர்ப் பொதுக்கூட்டத்துக்கு ஏற்றது. கத்தி கண்ணில் இருக்கும் வேளைக்கு ஏற்றதன்று. ஆயினும் ஒழுங்கு என்பது வாய்ப்பூட்டு ஆகிவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவைப் பாதுகாப்புக்காகச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மயக்க மருந்து கொடுக்கும் முன், கீறல் இடும் முன், நோயாளி கூடத்தை விட்டு நீங்கும் முன் என்று மூன்று கட்டங்களில் குழுவினர் நின்று வாய்விட்டுக் கூறிச் சரிபார்க்க வேண்டும். நோயாளி யார், எந்த இடத்தில் அறுவை என்பதை யாவரும் அறிந்திருந்தால், இளைய செவிலியும் பிழை கண்டவிடத்து 'நிறுத்துங்கள்' என்று கூற இயலும். அச்சொல்லைக் கேட்டு நிற்கும் மருத்துவரே அவ்விடத்தில் தொண்டர். தடுப்பூசிப் பெட்டியைச் சுமந்து ஊர்தோறும் செல்லும் நம் சுகாதாரப் பணியாளர்க்கும் இது பொருந்தும்.

மகளிர் குழுவில்

1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரி மாவட்டத்தில் தமிழ்நாட்டின் மகளிர் குழு முயற்சி தொடங்கிற்று. சிறுசேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று படிப்படியாக வளர்ந்த அவ்வியக்கம் ஊர்தோறும் பரவியது. ஒரு குழுவில் பன்னிரண்டு பேர் முதல் இருபது பேர் வரை இருப்பர். அவர்களுள் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருத்தி, சுறுசுறுப்புள்ள ஒருத்தி, முதலில் முன்வருகிறாள். வங்கிக்கு அவளே போகிறாள். கணக்கை அவளே எழுதுகிறாள். 'அவர்களுக்கு எதற்குச் சிரமம்' என்று எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறாள். அவள் உழைப்பில் குறை கூற ஒன்றுமில்லை.

ஆனால் மூன்றாண்டு கழித்து அவள் திருமணமாகியோ பிழைப்பு நாடியோ வெளியூர் போய்விட்டால்? மற்றவர்களுக்குச் சேமிப்புப் புத்தகத்தில் உள்ளதைப் படிக்கத் தெரியாது. வங்கியின் படியேறிப் பேசிய பழக்கமும் இல்லை. கடன் எவ்வளவு நிற்கிறது என்றுகூட அறியாத நிலை. தன்னலமற்ற உழைப்பு, மற்றவர்களை முன்பு இருந்த இடத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டது. கிரீன்லீஃபின் உரைகல்லில் இத்தொண்டு மாற்றுக் குறைந்ததாகவே காணப்படும்.

இங்கே தலைமை ஏற்றவர் கற்றுக்கொள்ள வேண்டிய கலை விலகி நிற்றல். இந்த மாதம் வங்கிக்கு இருவரை உடன் அழைத்துச் செல்லுதல், அடுத்த மாதம் அவர்களை மட்டும் அனுப்புதல், கணக்கைக் கூட்டத்தில் உரக்கப் படித்தல், பொறுப்பை முறை வைத்து மாற்றுதல் ஆகியவை விலகலின் படிகள். தாமே செய்தால் அரைமணியில் முடியும் வேலை, பிறர் கற்றுச் செய்தால் அரைநாள் ஆகும். அந்த அரைநாளைப் பொறுத்துக்கொள்வதே அங்குச் செய்யும் தொண்டு.

ஊராட்சி மன்றத்தில்

1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆம் திருத்தமும், 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபைக்கு உரிய இடத்தை அளித்தன. குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22, மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்தநாள், உள்ளாட்சிகள் நாளாகிய நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு முறை கூட்டம் நடத்த 2022இல் வழி செய்யப்பெற்றது. ஊராட்சியில் தலைமை ஏற்போர் அக்கூட்டத்தில் செய்யும் தொண்டு, முதலில் செவியால் செய்யும் தொண்டு. கூட்டத்தின் முன்வரிசையில் உரக்கப் பேசுவோர் எப்போதும் சிலரே. ஊரின் கடைசித் தெருவிலிருந்து வந்து மரத்தடியில் ஒதுங்கி நிற்பவரை அழைத்துப் பேசச் செய்வதற்குத் தலைவரால்தான் இயலும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூற வேண்டியுள்ளது. கொடையாளியாக விளங்குவதையே தொண்டெனக் கருதுவோர் உண்டு. தெருவிளக்கு எரியவில்லையா, சொந்தப் பணத்தில் போட்டுத் தருகிறேன். குழாய் உடைந்ததா, என் செலவில் சரி செய்கிறேன் என்பர். கேட்பதற்கு இனிமையாகவே இருக்கிறது. ஆனால் விளக்கும் குடிநீரும் மக்களின் உரிமை. உரிமையாக வர வேண்டியது கொடையாக வந்தால், பெற்றவர் கைகட்டி நிற்கத் தொடங்குகிறார். கைகட்டி நிற்பவர் கிராம சபையில் எழுந்து வரவு செலவைப் பற்றிக் கேள்வி கேட்க மாட்டார். கொடையால் வாய்மூடிய ஊரில் கணக்கு எவ்வாறு இருக்குமென்று நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. வரவு செலவை எல்லோரும் காணுமிடத்தில் எழுதி வைத்துக் கேள்விகளை வரவேற்கும் தலைவர், தம் பையிலிருந்து ஆயிரம் விளக்கு கொடுத்தவரினும் பெரிய தொண்டு செய்தவராவார்.

நாற்காலியும் பணிவும்

தொண்டுள்ளம் என்றதும் பணிவு நினைவுக்கு வருகிறது. தலைவன் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் அமர வேண்டும் என்று சொல்வோம். அது யாருக்குச் சொல்லும் அறிவுரை என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2020ஆம் ஆண்டில் கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றில், பட்டியல் வகுப்பைச் சேர்ந்த பெண் தலைவர், தாம் தலைமை தாங்க வேண்டிய கூட்டத்திலேயே தரையில் அமர வைக்கப்பெற்ற படத்தை நாடு முழுவதும் கண்டது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களிலும், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தலிலும் தலைவர் பதவி பட்டியல் வகுப்பினர்க்கு ஒதுக்கப்பட்டமையால் 1996 முதல் முறையாகத் தேர்தல் நடத்த இயலாமற்போய், 2006இல்தான் அந்நிலை மாறிற்று.

தலைமுறை தலைமுறையாகத் தரையில் அமர்த்தப்பட்டவரிடம் பணிவைப் போதித்தல் அறமாகாது. அவர் நாற்காலியில் நிமிர்ந்து அமர்வதே அவர் தம் மக்களுக்குச் செய்யும் தொண்டு. அந்நாற்காலியைத் துடைத்துப் போட்டு, 'அமருங்கள்' என்று கூறி, தீர்மானப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தலே உடனிருக்கும் செயலரும் துணைத் தலைவரும் செய்யும் தொண்டு. பெண் தலைவர்க்குப் பதிலாகக் கணவரோ மகனோ பேச வந்தால், அவரை வெளியே அமரச் செய்து தலைவரையே பேசச் செய்வதும் அத்தகையதே. குனிய வேண்டியவர் குனிவதும், நிமிர வேண்டியவர் நிமிர்வதும் ஒரே தொண்டின் இரு கூறுகள்.

பணியிடம் மாறும்போது

நம்முள் பலர் ஒரு பணியிலிருந்து மற்றொரு பணிக்குச் செல்வோம். மகளிர் குழுவில் நற்பெயர் பெற்றவர் பால் சங்கத்துக்குச் செயலாளராகிறார். குழுவில் எல்லோரையும் கலந்து முடிவெடுத்துப் பழகியவர், கொழுப்பின் அளவையும் கலந்து பேசி எழுதத் தொடங்கினால் சங்கம் என்னாகும்? படைப்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் ஊராட்சிக்கு வருகிறார். அங்கே கைகூடிய ஆணையும் ஒழுங்கும் கிராம சபையில் மக்களை வாயடைத்துவிடும். இருவரும் நல்லவர்களே, பழைய இடத்தின் வடிவத்தைப் புதிய இடத்துக்குச் சுமந்து வந்ததே குறை.

ஆதலின் புதிய பணியிடத்தில் பொறுப்பேற்ற முதல் வாரத்தில் நான்கு வினாக்களை நமக்குள் கேட்டுக்கொள்வது நலம். முதலாவது, இங்கே பிழை நேர்ந்தால் அதன் இழப்பு யாரைச் சேரும்? இழப்பு பெரிதாயின் கண்டிப்பும் ஒழுங்கும் முன்னிற்க வேண்டும். இரண்டாவது, உடன் பணிபுரிவோர் இவ்வேலையில் எவ்வளவு தேர்ந்தவர்? புதியவராயின் அருகில் நின்று கற்பிக்க வேண்டும். தேர்ந்தவராயின் வழிவிட்டு நிற்க வேண்டும். மூன்றாவது, இங்கே இதுவரை பேசாதிருப்பவர் யார்? அவர் வாய் திறக்கும் வரை நம் வேலை முடிந்ததாகாது. நான்காவது, நாளை நாம் இங்கு இல்லாவிட்டால் இவ்வேலை நடக்குமா? நடக்காதெனில் நாம் செய்து வருவது தொண்டன்று. பிறரை நம்மைச் சார்ந்து நிற்கச் செய்யும் ஏற்பாடேயாகும்.

இவ்வினாக்களுக்கு விடை பயிற்சிப் புத்தகத்தில் கிடைக்காது. பால் அளக்கும் வரிசையிலும், அடுப்படியிலும், கிராம சபையின் மரத்தடியிலுமே கிடைக்கும். நாளை நீங்கள் ஊர் திரும்பியதும் உங்கள் பணியிடத்தில் இதுவரை உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்டிராத ஒருவரை நாடிச் சென்று, அவருக்கு வேண்டியது யாதென்று கேளுங்கள். அவர் கூறும் விடையிலிருந்து உங்கள் தொண்டு தொடங்கட்டும்.